பிஸ்கட் டின்னுக்குள் போன ஜி.பி.எஸ்.

கடந்த ஆண்டு ஆவணியில், கன்னியாகுமரிக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் நடந்தது இது. நான் மயிலாடிப் பக்கத்து வயல்காட்டுக்காரன். அப்போது எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம். கூடப் படித்த நண்பனின் அண்ணன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். உப்புத்தண்ணீர் தெறித்து வள்ளத்து ஜி.பி.எஸ். அடிக்கடி மக்கர் செய்கிறது என்று நண்பன் சொன்னதுதான் தாமதம், நான் கிளம்பிவிட்டேன். சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

அவர்கள் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பிஸ்கட் டின் ஒன்று கிடந்தது. ஒரு பக்கத்தை வெட்டி, அங்கே மட்டும் தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒட்டினேன். ஜி.பி.எஸ்ஸை மணலில் வைத்துச் சோதித்தேன். மூன்று மீட்டருக்கு மேல் பிழை இல்லை. பிறகு டின்னுக்குள் வைத்து, சிலிக்கான் பூசி மூடினேன்.

“ஏலே, கப்பலுக்கே வைக்கலாம் போலயே!” என்று அண்ணன் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே அண்ணனும் நண்பனும் கடலுக்குப் போய், கடலடிப் பாறை ஓரமாகப் புது வலையை இறக்கினார்கள். சிங்கி இறால் கிடைக்கிற அந்தச் சில வாரங்களுக்கென்றே செய்த வலை. அதன் முனை விழுந்த இடத்தை ஜி.பி.எஸ்ஸில் குறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாள் விடிந்ததும் அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் வலையின் மிதவையைக் காணோம். ஏதோ விசைப்படகு அறுத்துவிட்டுப் போயிருந்தது. அண்ணன் பதறவில்லை. இடம்தான் தெரியுமே, கொக்கியைப் போட்டு இழுத்தால் வலை வந்துவிடும் என்றார். போட்டார், இழுத்தார். மணல்தான் வந்தது. மறுபடியும் மணல். அதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தேன்.

“வலை போச்சுன்னா சீசனே போச்சு மக்கா” என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னார். நங்கூரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர், திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். “வள்ளம் நிக்குது. இவன் மட்டும் எங்கலே ஓடுதான்?”

திரையில் எங்கள் வள்ளத்தைக் காட்டும் அம்புக்குறி அங்குமிங்கும் தாவிக்கொண்டிருந்தது. சிக்னல் வரும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு காட்டும் பக்கத்தைத் திறந்தேன். நான்கே நான்கு குட்டைக் கோடுகள். கத்தியால் சிலிக்கானைக் கிழித்து ஜி.பி.எஸ்ஸை வெளியே எடுத்தேன். கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து பதினொன்று ஆயின. அம்பும் அடங்கி நின்றது. பிழை நான்கு மீட்டர்.

“அண்ணே, தப்பு என்னோடதுதான். தகரம் சிக்னலை மறைச்சிட்டுது.”

நண்பன் விடுவானா? “தகரத்துக்குள்ள இருந்தா வானம் தெரியாதுன்னு கண்டுபிடிக்க நாலு வருஷம் படிச்சிருக்கான்!”

அண்ணன் மட்டும் யோசித்தார். “நேத்து வலை போடும்போது திரையில மேல எண்பதுன்னு ஒரு நம்பர் நின்னுது. நான் பேட்டரின்னுல்லா நெனச்சேன்.”

அது பேட்டரி அல்ல. உண்மையான இடம் எண்பது மீட்டர்வரை தள்ளியிருக்கலாம் என்று ஜி.பி.எஸ். தானே ஒப்புக்கொண்டது. அதைப் படிக்க நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திக்கித் திக்கி அதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

“அப்ப ஒண்ணு செய்வோம். வலை இந்த முனையில இருந்து கிழக்காலதான் முந்நூறு மீட்டருக்கு நீண்டு கிடக்கு. நூறு, நூத்தம்பது மீட்டர் கிழக்க தள்ளிப் போயி, வடக்க இருந்து தெக்க குறுக்கா இழுத்தா, எண்பது எந்தப் பக்கம் தப்பியிருந்தாலும் எங்கயாவது மாட்டணும்லா?”

எனக்குத் தோன்றவே தோன்றாத கணக்கு அது. ஜி.பி.எஸ்ஸைத் திறந்த வானத்துக்குக் கீழே கையில் பிடித்துக்கொண்டு நான் திசை சொன்னேன். முதல் இழுப்பில் கொக்கி பாறையில் வழுக்கியது. இரண்டாவதில் கயிறு விண்ணென்று இறுகியது.

“பிடிலே எஞ்சினியரே, தொலச்சவன்தான் இழுக்கணும்!” என்று கயிற்றை என் கையில் திணித்தார். உள்ளங்கை உரிந்தது. வலை ஏறியது, மீசையை ஆட்டிக்கொண்டு சிங்கிகளும் ஏறின. மூன்று பேரும் கத்திய கத்தில் என் வாந்திகூட நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் ஒன்றை அடித்துச் சொல்லும் முன், அதில் நான் எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஆட்கள் என்னை அதிகமாக நம்புகிறார்கள்.