பீப்பாய்க்காரர் ட்ரிப்லெட்டின் ஓட்டு

வழியில் எந்தப் பீப்பாயைக் கண்டாலும் ஜெப்தா ட்ரிப்லெட் நின்றுவிடுவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு; பிறகு காதை வைத்துக் கேட்பார். தான் செய்ததாக இருந்தால் தலையசைப்பார். பிறர் செய்ததென்றால், "பாவம், வாங்கினவன்" என்பார்.

தாடியில் எப்போதும் ஓக் மரச் சீவல் ஒட்டியிருக்கும். இடுப்பில் மரச்சுத்தி, ஞாயிறு ஜெபத்துக்கும் அதைக் கழற்றுவதில்லை. எங்கள் வர்ஜீனியப் பக்கத்துப் புகையிலை அவர் பீப்பாய்களில்தான் கப்பலேறுகிறது. அதில் பெரும்பகுதி கர்னல் ஸ்ட்ராதருடையது.

குளிர்காலத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் எங்கள் பகுதிக்கு இருந்த உறுப்பினர் காய்ச்சலில் இறந்தார். காலியான இடத்துக்குத் தேர்தல் நடத்தக் கவர்னரின் உத்தரவு வந்தது. கர்னலும் வக்கீல் ஹாக்கடேயும் நின்றார்கள். இங்கே ஓட்டை வாயால்தான் சொல்லவேண்டும், போட்டியிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே.

முதலில் கர்னலின் மேற்பார்வையாளர் பட்டறைக்கு வந்தார்.

"உன் ஓட்டையும் கர்னல் தன் பக்கம் சேத்துட்டாரு, ட்ரிப்லெட்."

"சேத்துட்டாரா? என்னை யாரும் கேக்கலியே?"

"உன்னை வேற கேக்கணுமா? மாறிப் போட்டே, எங்க அடிமைங்களுக்கே இந்த வேலையைக் கத்துக் குடுத்துடுவோம்."

"கத்துக் குடுங்க. மொத வருஷம் பீப்பாய் ஒழுகும், புகையிலை நனையும்."

மறுநாள் ஹாக்கடே வந்து, நல்ல கால்சட்டையோடு சீவல் குவியலில் உட்கார்ந்தார். "உங்க ஓட்டை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டார்.

"எந்திரிங்க தம்பி, துணி பாழாகுது" என்றார் ட்ரிப்லெட். சொல்லிவிட்டு அடுத்த பலகையைச் சீவத் தொடங்கினார்.

தேர்தலன்று நீதிமன்ற முற்றத்தில் கர்னலின் செலவில் ஒரு பீப்பாய் ரம் வைத்திருந்தார்கள். உள்ளே, தேர்தல் குமாஸ்தாவான நான் ஓட்டுப் போடுகிறவர்களின் பெயர் எழுதும் மேசைக்கு எதிரே கர்னலும் ஹாக்கடேயும் அமர்ந்திருந்தார்கள்.

"யாருக்குய்யா ஓட்டு?" என்றார் தேர்தலை நடத்திய ஷெரீப்.

ட்ரிப்லெட் தொப்பியைக் கழற்றினார். கர்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஹாக்கடேவுக்கு. அவருதான் கேட்டாரு."

வழக்கப்படி ஹாக்கடே எழுந்து நன்றி சொன்னார். பின்வரிசையில் யாரோ, "போச்சுடா, இனிமே பீப்பாயை விட்டுட்டு இவரு துணி தொவைக்கிற தொட்டிதான் செய்யணும்!" என்றார். கர்னல் சிரிக்கவில்லை.

"இனி என் புகையிலைக்கு உன் பீப்பாய் வேணாம், ட்ரிப்லெட்."

"சரிங்கய்யா."

வெளியே ரம் பீப்பாயின் கீழ் வளையம் தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. அது ட்ரிப்லெட் செய்த பீப்பாய். நின்றார். இரண்டு தட்டு, காதை வைத்துக் கேட்டார். சுத்தியை உருவி, சுற்றிச் சுற்றி வந்து வளையத்தை இறுக்கினார். ஒருவர் கோப்பையை நீட்டினார். அதை வாங்காமல், பீப்பாயின் அடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.