சுரப்பியின் மேல் போட்ட பழி

சித்திரை வெயிலில், அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் ஸ்வெட்டர் போட்டு நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். எல்லோரும் துண்டால் விசிறிக்கொண்டிருக்க, எனக்குக் குளிர்ந்தது. பிள்ளைகள் இல்லை. மனைவி போன பிறகு வீட்டில் என் முகத்தைப் பார்க்க ஆளும் இல்லை. முகம் ஊதியதும், குரல் கரகரத்ததும், பகலெல்லாம் தூங்கி வழிந்ததும் ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தருகிற பலன்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலையில்தான் நரிக்குடியில் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போனேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டுவது தாய்மாமன் உரிமை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் என்னைப் பல முறை கூப்பிட்டார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. எழ வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு காலுக்குப் போய்ச் சேர்வதற்குள், நல்ல நேரம் முடிகிறதென்று மாப்பிள்ளையின் சித்தப்பா கட்டிவிட்டார்.

பத்திரிகையில் என் பெயரை இரண்டாவது வரியில் போட்டதால் முறுக்கிக்கொண்டேன் என்று மண்டபமே முடிவு செய்தது. எங்கள் ஊர்களில் தாய்மாமன் எழுந்திருக்காவிட்டால் காரணம் பத்திரிகையில்தான் இருக்கும். வேறெங்கும் யாரும் தேடமாட்டார்கள். அதை நான் பிரித்தே பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் பெரிய குற்றமாகியிருக்கும். அன்றோடு தங்கையின் போன் நின்றது. காப்பீடு வேண்டுமா என்று கேட்பவர்களைத் தவிர எனக்கு வருகிற போன் அது ஒன்றுதான்.

பிறகு மலச்சிக்கலுக்காக டாக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

“சார், உங்க தைராய்டு கிட்டத்தட்ட வேலைய நிப்பாட்டிருச்சு. இவ்வளவு நாள் எப்படி நடமாடுனீங்க?”

“நான் அரசு ஊழியன் டாக்டர். வேலை நின்னாலும் நடமாடுவோம்.”

அவர் விளக்கியது உடனே புரிந்தது. நான் காலமெல்லாம் பார்த்த நடைமுறைதான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு மேலிடம். அது ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்பி, கழுத்திலுள்ள தைராய்டைச் சுரக்கச் சொல்கிறது. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, குடலின் அசைவு, நினைப்பின் வேகம் எல்லாம் அந்தச் சுரப்பைப் பொறுத்தவை. வேண்டிய அளவு வந்துவிட்டால் மேலிடம் அடங்கிவிடும். வராவிட்டால் நினைவூட்டுக்கு மேல் நினைவூட்டு. என் ரத்தத்தில் நினைவூட்டுகள் குவிந்து கிடந்தன. கீழே பதில் போட ஆளில்லை.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அதன்பின் அரைமணி நேரம் காபி கூடாது. நாளிலேயே நீளமான நேரம் அதுதான். காபி இருந்தால் அதோடாவது உட்கார்ந்திருக்கலாம். சில மாதங்களில் அளவு சரியாயிற்று. தங்கையைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பரிசோதனை முடிவுகளைப் பையில் போட்டு நரிக்குடிக்கு பஸ் ஏறினேன். மேல்முறையீட்டுக்கு ஆதாரமில்லாமல் போகக் கூடாது.

தங்கை வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பிட்யூட்டரியில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன்.

“அப்ப பேரப் பின்னால போட்டதுக்கு இல்லையா?”

“அத நான் பாக்கவே இல்லம்மா. இது வியாதி. ஒடம்பு மந்தமாயிரும், பேச்சு கொறஞ்சிரும், யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்கத் தோணாது.”

அவள் நிமிர்ந்தாள். “மதினி உசுரோட இருந்தப்ப ரொம்பப் பேசுனீகளாக்கும்? அவுகதான் போன் போடுவாக, அவுகதான் பேசுவாக. நீங்க பக்கத்துல இருந்து செருமுவீக. அந்தச் செருமலுக்கும் இந்தச் சுரப்பிதானா?”

அதற்கு என் பையில் ஆதாரம் இல்லை.

“இப்ப மாத்திரை கேக்குதா?”

“அளவு சரியா இருக்கு.”

“அப்பச் சரி. பேசுங்க, கேப்போம்.”

கேலிதான். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து உண்மையாகவே காத்திருந்தாள். என் சூடு சரி, துடிப்பு சரி. பேசத்தான் ஒன்றும் வரவில்லை.

“கண்மாய்ல தண்ணி கெடக்கா?” என்றேன்.

“பாதிக்குக் கெடக்கு.”

“நெல்லு போட்டாச்சா?”

“போடாம வச்சிருப்பமா?”

அதற்குமேல் இருவரும் ஆடு மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது சொன்னாள்: “நீங்க போன் போடுங்க, எடுக்கேன். நானாப் போடமாட்டேன்.”

போட்டால் என்ன பேசுவதென்று திரும்பும் பஸ்ஸில் திருச்சுழி வரை யோசித்துக்கொண்டு வந்தேன். நெல்லுக்கு அடுத்து ஆடு. ஆட்டுக்கு அடுத்து எதுவும் தோன்றவில்லை.