தங்கமீனுக்குப் போட்ட ஊசி

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், சித்தி எங்கள் கே.கே. நகர் வீட்டில் ஒரு மாதம் வந்து தங்கினாள். கடலோரத்தில் ஒரு மீன் பண்ணையில் கொடுவாக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலை அவளுக்கு. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் எனக்குத் தம்பி தங்கை யாரும் இல்லை. லீவே எடுக்காதவள் இத்தனை நாள் எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

தினமும் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து, மருந்து நிரப்பியே வரும் ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"காய்ச்சலா சித்தி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல கண்ணு" என்றவள், பேச்சை மீன்களுக்கு மாற்றினாள். "தொட்டியில வளர்ற கொடுவா, தானா முட்டை போடாம அடம் பிடிக்கும். மெல்லிசா ஒரு குழாய விட்டு, வயித்துல இருக்கற முட்டைய கொஞ்சம் எடுத்துப் பாப்போம். பக்குவமா இருந்தா ஊசி போடுவோம். ஒன்றரை நாள்ல தொட்டி பூரா முட்டையா மிதக்கும்."

எங்கள் கண்ணாடித் தொட்டியிலும் ஒரு தங்கமீன் இருந்தது. மறுநாள் அம்மாவும் சித்தியும் காலைப் பூசைக்குப் போயிருந்தபோது ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒரே ஒரு ஊசிதான் மிச்சம். மீனைக் குத்த மனம் வரவில்லை. மூடியைக் கழற்றி, மருந்தைத் தண்ணீரிலேயே பீய்ச்சிவிட்டேன்.

வந்தவர்களிடம் நானே பெருமையாகச் சொன்னேன். அம்மா கையை ஓங்கினாள். சித்தி குறுக்கே வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து, கடைசியில் மன்னார்புரத்தில் வாங்கி வந்தார். அதுவரை சித்தி என்னோடு தரையில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுமா சித்தி?"

"பாப்போம். நம்ம கையில என்ன இருக்கு?"

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். இரண்டு வாரம் மாடிப்படி ஏறி இறங்காமல் பத்திரமாக இருந்தாள். ஒரு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டாள். பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று, "உங்க மீனு முட்டை போட்டா எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்று கத்தினேன்.

மறக்காமல் பண்ணினாள்.

"போட்டுடுச்சு கண்ணு. தொட்டி நெறைய. எண்ணவே முடியல..."

அதற்குமேல் குரல் வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு ஃபோனை வைத்துவிட்டு, சித்தி எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லச் சமையலறைக்கு ஓடினேன்.