எட்டு டம்ளர் தண்ணீரும் ஒரு கை உப்பும்

எனக்கு எட்டு வயதில் முதல் உத்தியோகம் கிடைத்தது. கொடுத்தவர் நர்ஸம்மா. வேலை, அம்மாவைத் தண்ணீர் குடிக்க வைப்பது.

அதற்கு முன்பும் நான் சும்மா இருந்த பெண் இல்லை. பாண்டி ஆடக் கட்டம் கிழிப்பது நான், "அவுட்டு" சொல்வது நான், அதனால் வருகிற சண்டைக்குத் தீர்ப்பு சொல்வதும் நானே. "இது பொறந்தப்ப தெருவுல தாசில்தார் ஜீப்பு போயிருக்கும்டி" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். இப்படிப்பட்டவள் கையில் ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும் முன் நர்ஸம்மா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. ஆரணியை ஒட்டி, சேவூர்ப் பக்கம் எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு பட்டுத்தறி, தெரு முடிகிற இடத்தில் நெல்வயல். எங்கள் வீட்டில் மூன்று பேர், ஒரு தறி. அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக நான்காவது ஆள். எனக்குப் பின்னால் வந்த ஒன்று தங்காமல் போயிருந்ததால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உள்ளுக்குள் பயம். எனக்கு மட்டும் பயமே கிடையாது. வரப்போவது தங்கச்சி என்று முடிவு செய்து, அவளை எந்தெந்த வேலைக்கு ஏவலாம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

நர்ஸம்மா மாதம் ஒருமுறை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வீடு வீடாக வருவார். அன்று அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். என்னையும் போகச் சொன்னார்கள். நான் அரிசிக் குதிருக்குப் பின்னால் போனேன், அதுவும் போவதுதானே.

"நீர் எரிச்சல் இருக்குதா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தண்ணி குடிக்கிற?"

"காலைல கொஞ்சம். அப்பறம் ராத்திரி சாப்ட்டு."

"நடுவுல?"

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"நீ இன்னா ஒட்டகமா? வயித்துல ஒண்ணு வளந்துகினு இருக்குது. தண்ணி குடிக்காத இருந்தா உள்ள புண்ணாயி ஜுரம் வந்துடும். அப்பறம் கொயந்தைக்கு ஆவாது, சொல்லிட்டேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பின்னால எடம் இருக்குதே. உன் வூட்டுக்காரர்கிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, வேணாங்க. தறி இருக்கிற வூடு."

தண்ணீர் குடிப்பதற்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்பதற்காகத் தலையை நீட்டினேன், மாட்டிக்கொண்டேன். நர்ஸம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். "நீ பள்ளிக்கூடம் போறியா? எட்டு வரைக்கும் எண்ணுவியா? சரி. உங்கம்மா தினிக்கும் எட்டு டம்ளர் குடிக்கணும். குடிக்கக் குடிக்க செவுத்துல கோடு போடு. அடுத்த மாசம் வந்து பாப்பேன்."

முழுப்பரீட்சை லீவு தொடங்கியிருந்தது. எனக்கு வேறென்ன வேலை? அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்துச் சுவரை ஆக்கிரமித்தேன்.

தறியில் அப்பா குழிக்குள் காலை இறக்கி நடுவில் உட்காருவார். சேலைக்கு உடம்பு ஒரு நிறமும் கரை வேறு நிறமும் என்றால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாக்கட்டையை ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. சமைக்கிற நேரம், சாப்பாட்டு நேரம் போக, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவளுக்கு அந்தப் பலகைதான். பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு சொம்போடு தெருப் பெண்கள் வந்து கூப்பிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து வயல் பக்கம் போவார்கள். மறுபடி விடிவதற்கு முன்னால் ஒரு தடவை. சாயங்காலம் நானும் ஒட்டிக்கொள்வேன். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாமியார் என்ன சொன்னாள், எல்லாம் அந்த வரப்பில்தான் தெரியவரும். எனக்கு அது தினமும் வருகிற திருவிழா.

நான் டம்ளரோடு போய் நிற்பேன். "அப்பறம் குடிக்கிறேன், வெச்சிட்டுப் போ" என்பாள் அம்மா. "நர்ஸம்மா சொல்லிக்கினு போச்சு இல்ல?" என்று நான் நகரமாட்டேன். அப்பா சிரிப்பார். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் காலி டம்ளரோடு வருவாள். நான் கோடு போடுவேன். நாளுக்கு எட்டுக் கோடு, தவறாமல்.

பத்து நாள் போனதும் ஒரு விஷயம் கவனித்தேன். கொல்லைக் கதவோரம் வாடிக் கிடந்த கனகாம்பரச் செடி திடீரென்று தளதளவென்று வந்து பூவாய்ப் பூத்திருந்தது. மழையும் இல்லை. மறுநாள் நான் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அம்மா உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மீதியை அப்படியே செடிக்கு ஊற்றினாள்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். நான் போட்ட கோடெல்லாம் செடி குடித்த கணக்கு. தங்கச்சிக்கு ஏதாவது ஆனால் நர்ஸம்மாவிடம் யார் பதில் சொல்வது? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் சத்தம் போடவில்லை. தாசில்தார் ஜீப்பு போன நேரத்தில் பிறந்தவள் இல்லையா, யோசித்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் அப்பா சாப்பிடுவார், பிறகு நான். கடைசியில் சட்டியில் மிஞ்சியது அம்மாவுக்கு. எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்று மொச்சைக்கொட்டைக் குழம்பு. நாங்கள் எழுந்ததும், அம்மா அப்பாவுக்கு வெற்றிலை எடுத்துக்கொடுக்கப் போன நேரத்தில், ஒரு கை கல்லுப்பை அள்ளி சட்டியில் போட்டுக் கரண்டியால் கலக்கிவிட்டேன். தாகம் எடுத்தால் குடித்துத்தானே ஆகவேண்டும்!

அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். குழம்பைக் கீழே கொட்டுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

அன்று மத்தியானம் அவள் குடித்த தண்ணீர்! டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தாள். கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு நான் துள்ளினேன். நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் கலப்படமில்லாத கோடுகள்.

மூன்று மணிக்கு மேல் அம்மாவின் கை தடுமாற ஆரம்பித்தது. நாடா தவறி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"இன்னா இன்னிக்கி? ஜல்தியா போடு, இருட்டறதுக்குள்ள ஒரு முழமாவது ஆவணும்" என்றார் அப்பா.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். முகமெல்லாம் வேர்வை. ஜன்னல் வழியே வெயிலைப் பார்ப்பாள், நாடாவைப் போடுவாள், மறுபடி வெயிலைப் பார்ப்பாள். பிறகு சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தாள். இரண்டடி வைத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்து, தறியடியில் தரையும் நனைந்தது.

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். "தறியடில... ஐயோ, தறியடில இப்பிடி ஆயிடுச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குளிக்காமல் பட்டுநூலைத் தொடாதவர்கள் நாங்கள். தறியை யாராவது தாண்டினாலே அப்பா குதிப்பார். இன்று என்ன ஆகப்போகிறதோ என்று நான் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா குழியை விட்டு மேலே வந்தார். அம்மாவைத் தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பிறகு குடத்தையும் ஒரு பழந்துணியையும் கொண்டுவந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்தத் தரையைத் தானே துடைத்தார்.

"நீங்க செய்யாதீங்க. பாவம் வந்து சேரும் எனக்கு" என்று உள்ளேயிருந்து அம்மா கெஞ்சினாள்.

"கம்னு படு" என்றார் அப்பா.

அன்று அம்மாவுக்கு ஜுரம் அடித்தது. நர்ஸம்மாவுக்கு ஆள் போய், மாத்திரை வந்தது. உப்பு விஷயத்தை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. "கொயம்புல உப்பு ஜாஸ்தியாப் போட்டுட்டேன், தாகமாயிடுச்சு" என்றுதான் சொன்னாள். அதே குழம்பை அப்பாவும்தான் சாப்பிட்டிருந்தார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பழையபடி கூரையைப் பார்த்தேன். இரண்டு பேரும் வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அப்பா கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

என்ன சொல்லவில்லை என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அப்போது நான் டீச்சர். கழிவறை இல்லாத பள்ளிக்கூடம். தண்ணீர்ப் பாட்டிலைக் காலையில் நிரப்பிக்கொண்டு போவேன், சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். ஒருநாள் என் மகள் அதைத் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, உனக்குத் தாகமே எடுக்காதா?" என்றாள். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பகலில் குடித்தால் பகலில் போகவேண்டும். அம்மாவுக்குப் போக இடமில்லை. எனக்கு எந்நேரமும் வாய்க்கால் ஓரம் இருந்தது, அப்பாவுக்கு வேலியோரம் இருந்தது. அவளுக்கு இருட்டு மட்டும்தான் இருந்தது. பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்து நெய்த அப்பாவுக்கும் அது தோன்றவில்லை. அவளும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

ஆனால் எட்டு வயதில் நான் கண்டது வேறு. மறுநாள் விடிந்ததும் அப்பா தறிப்பக்கமே போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கோடியில் குழி தோண்ட ஆரம்பித்தார். தறிக்குழி தோண்டித் தோண்டிப் பழகிய கை, மூலைமட்டம் பிசகாமல் இறங்கியது. நெசவாளி வீட்டில் குழி என்றால் தறிக்குத்தான் என்று நினைத்தேன். தெருவெல்லாம் ஓடி, "எங்க வூட்ல ரெண்டாவது தறி வருது!" என்று பறைசாற்றிவிட்டு வந்தேன். நாலைந்து பேர் பார்க்கவே வந்துவிட்டார்கள். குழி ஓர் ஆள் உயரத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டு, "இதுல காலை இறக்கினா ஆளே காணாமப் பூடுவானேப்பா" என்றார் ஒருவர். அப்பா தலை நிமிராமல், "இது பொம்பளைங்க தறி" என்றார். வந்தவர்களில் யாரும் அப்புறம் சிரிக்கவில்லை.

நர்ஸம்மா சொல்லி எங்கிருந்தோ கக்கூஸுக்கு வைக்கிற ஒரு சிமெண்ட் பேசின் வந்தது. சுற்றிலும் கீற்றுத் தட்டி, முன்னால் தகரக் கதவு. திறந்தால் தெருவுக்கே கேட்கும்.

அது முடிந்த அன்று மத்தியானம். நல்ல வெயில். அம்மா தறிப் பலகையிலிருந்து எழுந்து, தானாகவே பானையில் சொம்பை முக்கி எடுத்து, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு சொம்பு. மறுபடி ஒரு சொம்பு. குடித்துவிட்டு வாயைத் துடைத்தவள் என்னைப் பார்த்து, "இன்னாடி பாக்கற, கோடு போடு" என்றாள். அப்படி ஒரு சிரிப்பு அவள் முகத்தில்.

ஆக, உப்பு வேலை செய்துவிட்டது! ஒரே ஒரு வேளை போட்டேன், அம்மாவுக்குப் பழக்கமே மாறிவிட்டது. இவ்வளவு பெரிய வைத்தியத்தை என்னால் எப்படி வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியும்? பக்கத்து வீட்டில் என் சிநேகிதி இருந்தாள். அவள் அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர்களும் நாள் முழுக்கத் தறிப் பலகையில் உட்காருகிறவர்கள்தான், தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. சிநேகிதியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு கை அளவு, கடைசியில் மிஞ்சுகிற குழம்பில், யாரும் பார்க்காமல் என்று முறையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்குக் கொல்லை கிடையாது. பின்சுவர் முடிந்தால் அடுத்த தெரு.

மறுநாள் மூன்று மணி இருக்கும். பெரியம்மா கையில் சொம்போடு, கூப்பிடாமல் கொள்ளாமல், எங்கள் வீட்டுக்குள் விறுவிறுவென்று வந்தார்கள். அப்பா குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். அம்மா நாடாவை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். தகரக் கதவு கிறீச்சென்றது.

பெரியம்மா திரும்பி வந்ததும் இரண்டு பேரும் கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியம்மா ஏதோ சொல்ல, அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்க, இருவருமாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். "இனிமே தினிக்கும் வா. யாரையும் கேக்காத, நேரா வா" என்று அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் சுவரில் பெரியம்மாவுக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கி முதல் கோட்டைப் போட்டேன். இரண்டு பேருக்குப் பலித்துவிட்டது. தெருவில் இன்னும் எத்தனை அம்மாக்கள் பாக்கி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். உப்பு ஜாடியைத் திறந்து, அத்தனை பேருக்கும் போதுமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.