தகரம் தட்டாத லயம்

தகர டின்னை விறகுக் கட்டையால் அடித்தால் அந்தச் சத்தம் காதுக்குள் போவதற்கு முன்னால் பல்லைக் கூச வைக்கும். சேரம்பாடிக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் இருந்த எங்கள் லயத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்படி ஒரு டின் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். லயம் என்பது ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து "சுடுதண்ணி குடி" என்று குரல் வரும். யானை இறங்குவதை முதலில் பார்ப்பவர் டின்னைத் தட்டுவார், அதைக் கேட்டு அடுத்த வீடு தட்டும், பிறகு மொத்த லயமும் கத்திக்கொண்டே தட்டும், யானை எரிச்சலோடு திரும்பிப் போகும். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அது வருடத்தில் பல தடவை வரும் ஒரு திருவிழா.

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, ஒரு மழைக்கால மாலையில், லயத்துக்குக் கீழே வாழை மரங்களை முறித்துக்கொண்டிருந்த ஒற்றை யானையை அப்படித்தான் விரட்டினார்கள். நான் வாசற்படியில் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். யானை காட்டுப் பக்கம் திரும்பாமல், மிரண்டுபோய், இலை நிறுக்கும் ஷெட்டிலிருந்து வரும் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடியது. அந்தப் பாதையில்தான் அன்றைய கடைசி நிறுவையை முடித்துவிட்டு அம்மாவும் அப்பாவும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பனி மூடியிருந்ததால் எங்களுக்கு அவர்களைத் தெரியவில்லை. அவர்களுக்கு யானையைத் தெரியவில்லை. டின் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறது.

அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார். என்னைப் பார்க்க விடவில்லை என்றாலும், மேலே போர்த்திய புடவை நிறம் மாறிக்கொண்டே போனதை, ஆட்களின் கால்களுக்கு நடுவில் பார்த்துவிட்டேன். அப்பாவை அது தும்பிக்கையால் சுழற்றிப் பாறையில் அடித்திருந்தது.

பல வாரங்கள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவுக்கு இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே மண்டை ஓடு ஒரு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. இருப்பது எது, போனது எது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்கு அப்போதே வந்த பழக்கம். பேச்சு போய்விட்டது, "ம்" என்ற ஒன்றைத் தவிர. என் பெயர் போய்விட்டது, ஆனால் என் முகம் போகவில்லை. பொத்தான் போடத் தெரியாது, அடுப்பின் அருகே விட முடியாது, அம்மா எங்கே என்று தேடுவது மட்டும் நிற்கவே இல்லை. இருந்தது பலம். தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த அந்தக் கைகளில் ஒன்றும் குறையவில்லை.

அந்தப் பலத்துக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை. சிறுமியாக இலங்கையிலிருந்து பெற்றோரோடு வந்தவர், இலை பறிப்பதில் லயத்திலேயே வேகமான கை. அவருடைய கணவர் சண்முகம் மாமாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அத்தை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போவதற்கு முன்னால், அப்பா மாமாவைத் தோளில் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோய், காத்திருந்து, பிறகு வெயில் விழும் இடத்தில் உட்கார வைப்பார். "என்னா மச்சான், இன்னைக்கு பஸ்சு லேட்டா வருது? டிக்கட்ட திருப்பித் தந்துருவேன்" என்பார் மாமா, கோணிய வாயால். அப்பா "ம்" என்பார். அத்தை எனக்குத் தலை பின்னி, எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சி துணி துவைத்துத் தருவார். யாரும் இதைப் பற்றிப் பேசி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பா வந்த பிறகு முதல் தடவை யானை இறங்கியபோது, பழக்கம்போல லயம் தட்டியது. அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் கட்டில் கவிழ்ந்தது. தலையைச் சுவரில் மோதினார், திரும்பத் திரும்ப, சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டும் வரை. நான் காலைக் கட்டிக்கொண்டதும் என்னைப் பிடுங்கிக் கதவின் மேல் எறிந்தார். என் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே ஓடிவந்த பாக்கியம் அத்தையின் மணிக்கட்டை முறுக்கி ஒடித்தார். டின் சத்தம் நின்றதும், கையில் கதவுச் சட்டத்தின் ஒரு துண்டோடு நடுவீட்டில் நின்று, எங்கள் இருவரையும் பார்த்து அழ ஆரம்பித்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. "இந்த ஆள ஒரு விடுதியில சேத்துரலாம்ங்க. புள்ளயவும் ஆஸ்டல்ல போட்டுரலாம். யாராச்சும் சாகறதுக்கு முந்தி செஞ்சுரோணும்" என்றார். அன்று முழுக்க எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது: அம்மா இல்லை, அப்பாவும் போனால் வீட்டில் மிச்சம் யார்?

மாலை லயம் கூடியது. டின் தட்டாமல் இருக்க முடியாது. தட்டினால் இந்த ஆள் யாரையாவது கொல்வார். கடைசியில் ராசு மேஸ்திரி, லயத்தில் கொஞ்சம் வாட்டசாட்டமான ஆள், பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல புடிப்போம். அப்பறம் தட்டுவோம்."

"யாரு புடிக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன், ஒனக்குக் கை இல்லயா?" என்றார் பாக்கியம் அத்தை, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி. "எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யானையைப் பார்த்தவர் டின்னைத் தொடமாட்டார். வீட்டுச் சுவரைக் கைமுட்டியால் குத்துவார். அந்தக் குத்து சுவருக்குச் சுவர் தாவி எங்கள் வீடு வரைக்கும் வரும். ராசு மேஸ்திரியும் அத்தையும் சேச்சியும், அப்போது லயத்தில் இருக்கும் ஆம்பிளைகளும் உள்ளே பாய்ந்து, அப்பாவைத் தரையில் சாய்த்து, தலையில் கம்பளியைச் சுற்றி, மேலே படுத்துக்கொள்வார்கள். வாசலில் நின்று "புடிச்சாச்சு" என்று கத்துவது என் வேலை. அதற்குப் பிறகுதான் டின்கள் அலறும். கம்பளிக்கு அடியில் அப்பாவும் அலறுவார். கடிப்பார், முட்டுவார், முழங்காலால் உதைப்பார். சத்தம் ஓய்ந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் உதட்டையும் விலாவையும் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் மலையில் இலை பறிக்கும்போது, "சேச்சி, இந்தக் கன்னத்துல யாரு பொட்டு வச்சது?" என்று கேட்பார்களாம். "ஞங்கட தம்பி வச்சது, நோக்கிக்கோ, நல்ல வட்டமா இல்லயா?" என்பாராம் அம்மிணி சேச்சி.

இப்படி இரண்டு மழைக்காலம் போனது. பிடிப்பதற்கு ஆகும் நேரத்தில் யானை கொஞ்சம் வாழையையும் பலாவையும் தின்றுவிட்டுப் போகும். அதை யாரும் எங்களிடம் சொல்லிக் காட்டவில்லை.

பிறகு ஒரு கார்த்திகை மாதத்து மாலை. ஃபேக்டரியில் இலை அதிகம் என்று ஆம்பிளைகளில் ராசு மேஸ்திரியைத் தவிர எல்லோரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் சுவரில் குத்து வந்தது. பாக்கியம் அத்தை, அடுப்படியில் கதகதப்புக்காகப் படுக்க வைத்திருந்த மாமாவிடம் "இருங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். ராசு மேஸ்திரியும் சேச்சியும் வந்தார்கள். ஆனால் அதற்குள் அப்பாவுக்குச் சுவர்க் குத்தின் அர்த்தம் புரிந்திருந்தது. கதவை மறித்துக்கொண்டு நின்றார். மூன்று பேரால் அவரைச் சாய்க்க முடியவில்லை. மேஸ்திரியின் மூக்கு உடைந்தது, சேச்சி அடுப்பின் மேல் விழுந்தார், அத்தை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் தொங்கினார். நான் வாசலில் வாயைத் திறந்தபடி நின்றேன். லயம் முழுவதும் கையில் கட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்தால்தானே "புடிச்சாச்சு" என்று சொல்ல முடியும்.

அப்போது எங்கள் பொதுச் சுவர் அதிர்ந்தது. யானை அத்தை வீட்டு அடுப்படிச் சுவரை, அரிசி மணத்துக்காகவோ உப்புக்காகவோ, நெற்றியால் தள்ளியிருந்தது. கற்கள் சரியும் சத்தமும், அதற்கு அடியிலிருந்து ஒரு மனிதக் குரலும் கேட்டன. குரல் உடனே நின்றுவிட்டது. அதன் பிறகு என் சொல்லுக்காக யாரும் காத்திருக்கவில்லை. டின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன, உள்ளே அப்பாவும் மூவரையும் இழுத்துக்கொண்டு அலறினார்.

சண்முகம் மாமாவைக் கற்களை விலக்கி எடுத்தபோது அவர் நெஞ்சு தட்டையாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் வழக்கமாக மாமாவைத் தூக்கும் நேரம். பாக்கியம் அத்தை தன் வீட்டிலிருந்து வந்தார். வந்தவர் அப்பாவை அடிக்க ஆரம்பித்தார். கன்னத்தில், தலையில், அந்தக் குழி விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, தோளில், நெஞ்சில், இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தார். வளையல் உடைந்து அப்பாவின் நெற்றியைக் கீறியது. லயமே பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் விலக்கவில்லை. என்னை சேச்சி பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேரைத் தூக்கி எறிந்த அப்பா, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை மூச்சு வாங்கி நின்ற பிறகு, அப்பா எழுந்து அவரைத் தாண்டி அத்தை வீட்டுக்குள் போனார். மாமாவைத் தூக்கப் போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மதியத்துக்குள் கூடலூரிலிருந்து மாமாவின் தம்பியும் உறவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். கூடவே சாவு மேளம் அடிக்கிறவர்களும் வந்து, வாசலில் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். மேளம் இல்லாமல் பிணம் எடுப்பது எங்கள் பக்கத்தில் அநாதைக்குச் செய்வது. ராசு மேஸ்திரி, மூக்கில் பஞ்சோடு, ஒரு கயிற்றை எடுத்து வந்து, "எடுத்து முடியற வரைக்கும் இவர ஷெட்டுல கட்டிப்போட்டுர்றோம்" என்றார். "கட்டிப்போட்டு, அப்பிடியே வண்டியேத்தி அனுப்புங்க. எங்கண்ணன கொன்ன ஆளு" என்றார் மாமாவின் தம்பி. சூப்பர்வைசர் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. நான் அப்பாவின் துணிகளை ஒரு பையில் வைக்கத் தொடங்கியிருந்தேன்.

"மேளம் வேணாம்" என்றார் பாக்கியம் அத்தை.

"என்ன மதினி பேசுற? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். இந்தப் புள்ளயோட அப்பன்தான் அவர தினம் தூக்குனான். இன்னைக்கும் அவன்தான் தூக்குவான். மேளம் அடிச்சா அவனால தூக்க முடியாது."

"அவனாலதான செத்தாரு?"

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அன்னைக்கு இவ அம்மா செத்தப்ப, மொத டின்னு நான் தட்டுனது. யானைய இவங்க மேல வெரட்டி விட்டது நானு. என்னைய யாரும் வண்டியேத்தலயே."

மாமாவின் தம்பி பாய்ந்து அத்தையின் தோளைப் பிடித்துத் தள்ளினார். ராசு மேஸ்திரி அவரைத் தள்ளினார். இழவு வீட்டு வாசலில் ஆம்பிளைகள் சட்டை கிழிய அடித்துக்கொண்டார்கள். சேச்சி நெருப்பின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்த பிறகு, காயாத மேளங்களோடு மேளக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

பாடையின் முன் இடது முனையை அப்பா தூக்கினார். நான் பக்கத்தில் நடந்தேன். லயம் முழுவதும் வந்தது, வாய் திறக்காமல். தேயிலைக்கு நடுவில் ஈரமண்ணில் கால்கள் வழுக்கும் சத்தத்தையும், அப்பாவின் மூச்சையும் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பையிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

அப்பா அதன் பிறகும் பல வருடங்கள் அந்த வீட்டிலேயே இருந்தார். அவரைப் பிடித்தவர்களுக்கு நரை வரும் வரை. நான் டிப்ளமோ படித்து, கோவையில் மோட்டார்களின் அதிர்வைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். இப்போது யானை வந்தால் கைபேசிக்குத் தகவல் வருகிறது. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதியில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள், அவர்களுக்கு எங்கள் கதை தெரியாது. ராசு மேஸ்திரி திருப்பூரில் மகனோடு இருக்கிறார். அம்மிணி சேச்சி இல்லை. சுவரைக் குத்தினால் கேட்க அடுத்த பக்கத்தில் பாக்கியம் அத்தையைத் தவிர ஆள் இல்லை.

போன வருடம் அப்பா காய்ச்சலில், தூக்கத்திலேயே இறந்தார். மேளம் இல்லாமல் அவரை அநாதைபோல எடுக்க மனம் வராமல், பந்தலூரிலிருந்து ஒரு செட்டைக் கூலிக்கு அழைத்திருந்தேன். பையன்கள் உற்சாகமாகத்தான் அடித்தார்கள். பாக்கியம் அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு அவர்களிடம் போனார்.

"கொஞ்சம் மெதுவா அடிங்க சாமி."

ஒரு பையன் சிரித்தான். "ஏனுங்க பாட்டி, செத்தவருக்குக் காது கேக்குமாக்கும்?"

"எனக்குக் கேக்குதுல்ல" என்றார் அத்தை. அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் காதுகளின் மேல் வைத்துக்கொண்டார்.