பெல்ட்டுக்கும் சந்தனம்

நேற்று ஆயுத பூசை. இன்று காலை அவனியாபுரம் பட்டறையில் எங்கள் மானம் கப்பலேறப் பார்த்தது.

பம்புசெட் என்ஜினைப் பெல்ட் மூலம் பின்சக்கரத்தோடு இணைத்து, கரிசல் காட்டில் ஓடுவதற்காக நானும் பாண்டியண்ணனும் கட்டிய வண்டி. வாங்குவதற்கு டி. கல்லுப்பட்டிக்காரர் ஒருவர் வந்திருந்தார்.

"பின்சக்கரத்துக்கு எம்புட்டுக் குதிரைசக்தி வருதுன்னு காட்டுங்க" என்றார்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அதில் கயிறு சுற்றி, ஒரு நுனியில் எடைக்கல்லும் மறுநுனியில் ஸ்பிரிங் தராசும் மாட்டினோம். கல்லின் பாரத்தில் கயிறு பிரேக் மாதிரி இறுக்கும்; அதையும் மீறிச் சக்கரம் சுற்றுவதை வைத்துச் சக்தியைக் கணக்கிடலாம். என்ஜின் அலறியது. கல்லைத் தொங்கவிட்டதும் சக்கரம் நின்றேவிட்டது.

"சத்தம் மட்டுந்தானா?" என்றார் அவர்.

பெல்ட்டின் உள்பக்கத்தைத் தடவினேன். விரலெல்லாம் சந்தனம். வழுக்காமல் என்ன செய்யும்?

"அண்ணே, இதுக்குமா பூசுனீக?"

"அம்புட்டுக்கும் வச்சுட்டு இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும் மாப்ள?"

துடைத்து மாட்டினோம். கல்லைக் கூட்டக் கூட்டச் சக்கரம் சளைக்காமல் சுற்றியது. கணக்குப் போட்டால் ஐந்து குதிரைசக்தி!

"வண்டி எனக்குத்தான்" என்று சிரித்தவர், மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சந்தனம், குங்குமம்.

நானும் அண்ணனும் பாய்ந்துபோய்ப் பெல்ட்டை மறைத்துக்கொண்டு நின்றோம். இன்னும் நிற்கிறோம். இந்தப் பக்தரிடமிருந்து தப்பிக்க யாருக்காவது வழி தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.