மச்சானுக்காக வந்தவர்

பட்டம் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, வலி மாத்திரைகளுக்கு அடிமையானவர்கள் மீள உதவும் ஒரு நிலையத்தில். வடமேற்கு லண்டனில், பேருந்துத் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் கட்டடம். செவ்வாய்க்கிழமைப் பிற்பகல்களைத் தமிழ் பேசுபவர்களுக்கென்று ஒதுக்கி, அதற்குத் தனியாக ஒரு வருடப் பணம் தந்திருந்தது உள்ளூராட்சிக் கவுன்சில். அந்தப் பணத்தில் ஓர் அறை, ஒரு நர்ஸ், பதிவு செய்யவும் பேச்சுத்துணைக்கும் நான்.

வேலை ஒப்பந்தத்தை நான் ரயிலில் இரண்டு முறை வாசித்தேன். அதை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கு எதிலும் அப்படி ஒரு வேகம்.

கணினியில் பதிவின் முதல் கேள்வி: யாருக்காக வந்திருக்கிறீர்கள்? ஒன்றில் 'எனக்காக' என்று குறிக்க வேண்டும், அல்லது 'குடும்பத்தவருக்காக' என்று. முதல் வாரம் வந்தவர் தன் சித்தப்பா மகனுக்காக வந்திருந்தார். அடுத்தவர் ஒரு நண்பருக்காக. மூன்றாவதாக வந்தவர், ஐம்பதை நெருங்குகிற ஒரு பெட்ரோல் நிலைய ஊழியர், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கில்லை. என்ர மச்சானுக்கு."

"உள்ளுக்கு வாங்கோ அங்கிள்."

"அங்கிளோ? அண்ணை எண்டு சொல்லும் பிள்ளை. எனக்கே அங்கிள் எண்டால் மச்சானுக்கு என்ன சொல்லுவீர்?"

அன்று முதல் அவர் எனக்கு அண்ணை. பெட்டி தூக்கும்போது மச்சானுக்கு முதுகு பிடித்ததாம். டொக்டர் கொடுத்த கோடீன் குளிசை வலியை எடுத்ததாம். வலி போன பிறகும் குளிசை போகவில்லையாம். டொக்டர் நிறுத்தியதும் மச்சான் மருந்துக்கடை கடையாக ஏறி வாங்கினார், பிறகு இணையத்தில் வாங்கத் தொடங்கினார். இவ்வளவையும் சொல்லும்போது அண்ணை கதிரையில் சாயாமல், ஒரு கையை இடுப்பில் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் மதுரைப் பக்கத்துக்காரர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மருந்து எழுதும் தகுதியும் அவருக்கு இருந்தது. அவர் முகத்தில் எதுவும் காட்டாமல் கேட்டார்: "உங்க மச்சான் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுறாரு?"

"அது... காலமை எட்டு. பிறகு வேலைக்குள்ள எட்டு. எண்ணுறேல்லை அவர்."

"போடலைன்னா?"

"வேர்க்கும். கால் ரெண்டும் சும்மா கிடக்காது. மூக்கால ஓடும். தன்ர மனிசியிட்ட சளிக்காய்ச்சல் எண்டு சொல்லுறவர்."

"மச்சானுக்கு மாசம் எத்தனை தடவை சளிக்காய்ச்சல் வரும்?"

அண்ணை சிரித்துவிட்டார். "லண்டன் குளிர்தானே மிஸ்."

நான் 'குடும்பத்தவருக்காக' என்பதில் குறியிட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நம் ஆட்கள் இப்படித்தான் கேட்பார்கள், மற்றவர் பெயரில்தான் வாயைத் திறப்பார்கள், அதைக் குலைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும் என்ற பெருமை. ஐந்து மாதத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் வேறு யாருக்காகவோ வந்ததாகச் சொன்னவர்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் உண்மையிலேயே கணவனுக்காக வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அண்ணை ஒவ்வொரு செவ்வாயும் தவறாமல் வந்தார். மச்சானின் நித்திரை, மச்சானின் மலச்சிக்கல், மச்சான் பிள்ளையின் பெற்றோர் கூட்டத்தில் தூங்கிவிழுந்தது எல்லாவற்றையும் பேசுவோம். குளிசையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று அக்கா சொல்லுவார். நாக்கின் கீழ் வைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்கினால் குளிசைக்காக அலையும் இந்த ஓட்டம் நிற்கும் என்றும் சொல்லுவார். ஆனால் அறைக்குள் வராத ஒருவருக்கு அதை அவரால் எழுத முடியாது. "மச்சானைக் கூட்டிட்டு வாங்க" என்பார். "கேட்டுப் பாக்கிறன்" என்பார் அண்ணை.

ஆறாவது மாதம் மேலாளர் என்னை அழைத்துத் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். கவுன்சிலுக்குப் போகும் அறிக்கை அது. சிகிச்சை பெறுவோர் என்ற இடத்தில் சைபர்.

"உன் செவ்வாய்க்கிழமையில் நோயாளியே இல்லையே" என்றார். அவர் அயர்லாந்துக்காரர், கோபத்தையும் மெதுவாகத்தான் சொல்வார். "எல்லோரும் சொந்தக்காரர்கள். கவுன்சில் சிகிச்சைக்குத்தான் பணம் தருகிறது. மூன்று வாரத்தில் அவர்கள் ஆள் வருகிறார்."

நான் அண்ணையின் கதையைச் சொல்லி விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் அந்த மனிதர் இந்த ஐந்து மாதமும் மருந்தில்லாமல் இருக்கிறாரா?"

அதை நான் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நான் காப்பாற்றியது அவருடைய மானத்தை. அவர் இன்னும் பதினாறு குளிசையில்தான் இருந்தார், ஒருவேளை அதற்கும் மேல்.

அடுத்த செவ்வாய் அண்ணை வந்து உட்கார முதலே கேட்டுவிட்டேன். "அண்ணை, மச்சான் எண்டு சொல்லுறது உங்களைத்தானே? ஒரு கையெழுத்து வைச்சால் இண்டைக்கே தொடங்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அறைக் கதவைப் பார்த்தார். "மச்சானுக்கு இப்ப சுகம் பிள்ளை" என்று சொல்லி எழுந்து போனார்.

அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டார். "அஞ்சு மாசமா நான் கதவைத் திறந்து வச்சிட்டு நிக்கிறேன். நீ போய்ப் புடிச்சுத் தள்ளிட்ட."

"நாள் இல்லையே அக்கா."

"யாருக்கு நாள் இல்ல? கவுன்சிலுக்கா, அவருக்கா?"

அடுத்த செவ்வாய் அண்ணை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் கவுன்சில் அதிகாரி வந்தார். பணிவான மனிதர், பையில் பழம் வைத்திருந்தார். பதிவில் பிழை விட்டவள் நான்தான் என்று சொன்னேன். ஒன்பது பேரில் எட்டுப் பேராவது தங்களுக்காகவே வந்தவர்கள் என்று நான் நம்புவதையும், ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"எனக்குப் புரிகிறது" என்றார். "ஆனால் புரிந்ததை என்னால் கணக்கில் போட முடியாது. சிகிச்சையில் இருப்பவரைத்தான் போடலாம்." இனி இரண்டு வாரத்துக்கு ஒரு பிற்பகல்தான், இன்னும் ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. நான் பயந்ததைவிட அது நல்ல முடிவு.

அவர் போய் அரைமணி நேரம் இருக்கும். அண்ணை வந்தார். ஒரு சுற்று மெலிந்திருந்தார், சவரம் செய்திருக்கவில்லை.

"நானே விட்டுப் பாத்தன் பிள்ளை. நாலு நாள். தாங்க ஏலேல்லை." கதிரையில் உட்கார்ந்தார். "மச்சான் எண்டு ஒருத்தரும் இல்லை. உமக்குத் தெரியும்தானே."

"அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது அண்ணை."

"கேட்டது பிழையில்லை. கதவு திறந்து கிடந்தது, அதுதான் பிழை. வெளியில ஒரு தமிழ்ப் பொம்பிளை இருந்தவ."

படிவத்தை எடுத்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. "இது ஹோம் ஒபிஸுக்குப் போகுமோ?"

அவர் பிரிட்டிஷ் குடிமகனாகிப் பல வருடம், விசா பார்க்கும் அந்த அரசு அலுவலகத்தில் அவருக்கு இனி வேலையே இல்லை. ஆனாலும் கேட்டார். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்தேன்: யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, வீட்டுக்குக் கடிதம் வருமா, வராதா. அரைமணி நேரம் போனது. நான் எதையும் அவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை.

"என்ர மனிசிக்குத் தெரியவருமோ?"

"நீங்கள் சொன்னால்தான் தெரியும்."

"சொல்லத்தான் வேணும். சளிக்காய்ச்சலை அவவும் இப்ப நம்புறேல்லை." கையெழுத்து வைத்தார். அக்கா கதவைச் சாத்தினார்.

முதல் சில வாரங்களுக்கு மருந்தைத் தினமும் மருந்துக்கடையில், பார்மசிஸ்டின் கண்முன்னே எடுக்க வேண்டும். நம்மவர் கடைகள் இல்லாத ஒரு தெருவாகப் பார்த்து, இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய கடையை அண்ணையே தேர்ந்தெடுத்தார். முதல் நாள் துணைக்கு நானும் போனேன். முந்தின நாளிலிருந்து குளிசை எடுக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது.

பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி. பார்மசிஸ்ட் இளம்பெண். மருந்தை நாக்கின் கீழ் வைக்கச் சொன்னார். கரையும்வரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. அண்ணை தலையாட்டினார்.

நானும் பேசாமல் இருந்தேன். எனக்கு அது சுலபமில்லை. சுவரில் தடுப்பூசி விளம்பரம் ஒன்று இருந்தது, அதை மூன்று முறை வாசித்தேன். அண்ணை கண்ணை மூடியிருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

பார்மசிஸ்ட் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கரைந்துவிட்டது.

"கைப்பு" என்றார் அண்ணை. கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "அடுத்த செவ்வாய் நீங்கள் இல்லைதானே?"

"அதுக்கடுத்த செவ்வாய் அண்ணை."

"அது போதும். இஞ்ச நாளைக்கும் வரத்தானே வேணும்."